அந்தத் தாளை எடுக்காதீர்கள்

வலை வடிவமைப்புச் சான்றிதழ்ப் படிப்பின் பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் பருவத்திலிருந்து ‘வடிவமைப்புக் கோட்பாடுகள்’ தாளை நீக்கிவிட்டு, அதற்கான 60 மணி நேரத்தையும் கருவிப் பயிற்சிக்கு, அதாவது பக்கம் கட்டும் மென்பொருள்களைப் பழகுவதற்குக் கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறீர்கள். பழைய மாணவர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில் அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். வேலை கொடுப்பவர்கள் கருவி தெரிந்த ஆட்களைத்தான் கேட்கிறார்கள். கோட்பாடுகளை மாணவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு அனுபவத்தில் கற்றுக்கொள்வார்கள். டெம்ப்ளேட்டுகள் என்ற ஆயத்தப் பக்க மாதிரிகளும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதால் அந்தக் கவலையே இனித் தேவையில்லை. இந்த மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. முக்கியமாக இரண்டாவதை.

நான் 2006இல் இந்தப் படிப்பை முடித்தவன். அன்றிலிருந்து இணையதளம் கட்டுவதுதான் தொழில். இப்போது ஒரு சின்ன வடிவமைப்புக் குழுவை நடத்துகிறேன். உங்கள் மாணவர்களில் சிலரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக உங்கள் இறுதித் திட்டப்பணிக்கு வெளித்தேர்வாளராகவும் வருகிறேன். வெளியே நின்று கல்லெறிகிற ஆள் இல்லை என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

முதல் காரணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2006இல் எங்களுக்கு இரண்டு கருவிவேலைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று ஃப்ளாஷ், பக்கத்தில் அசைவுகளைச் சேர்க்கும் மென்பொருள். இன்னொன்று, ஒரு படத்தைத் துண்டு துண்டாக வெட்டி அட்டவணைக் கட்டங்களுக்குள் ஒட்டிப் பக்கம் கட்டுகிற முறை. ஃப்ளாஷில் ஒரு மெனுவை மலர வைக்க ராத்திரி பகலாக உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டே ஐஃபோன் வந்தது. அதில் ஃப்ளாஷ் ஓடவே இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், அதை ஏன் உள்ளே விடமாட்டேன் என்று விளக்கி எழுதினார். (அதுவும் ஒரு திறந்த மடல்தான். அவர் மடலுக்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தாலும் போதும்.) 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனமே ஃப்ளாஷைக் கைகழுவிவிட்டது. அட்டவணை முறையை அதற்கு வெகு முன்பே சிஎஸ்எஸ் என்ற பக்க அலங்கார மொழி விழுங்கியிருந்தது. 2010 மே மாதத்தில் ஈதன் மார்காட் என்ற வலை வடிவமைப்பாளர், திரைக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும் வடிவமைப்பைப் பற்றி எழுதிய பிறகு, 1024க்கு 768 பிக்சல் திரை என்று நாங்கள் அளவெடுத்துக் கட்டியதெல்லாமும் போயிற்று.

நான் கற்ற கருவி ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. மிஞ்சியது என்னவோ, நீங்கள் நீக்கப்போகிற அந்தத் தாள்தான்.

அந்தத் தாளின் முதல் வகுப்பில் எங்கள் ஆசிரியர் எல்லா மானிட்டரையும் அணைக்கச் சொன்னார். சட்டைப் பொத்தான்கள் பன்னிரண்டை மேசைமேல் ஒரே இடைவெளியில் வரிசையாக வைத்தார். “எத்தனை கூட்டம் தெரியுது?” என்றார். ஒன்று என்றோம். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் விரல் வைத்துக் கொஞ்சம் தள்ளினார். எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் நடுவிலும் அப்படியே. “இப்போ?” மூன்று என்றோம். “கோடு போட்டேனா? பெட்டி கட்டினேனா? கலர் மாத்தினேனா?” அவ்வளவுதான் அன்றைய பாடம். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை நம் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கிறது என்பதை மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1923இலேயே புள்ளிகளை வைத்து எழுதிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

போன பருவத்துத் தேர்வில் ஒரு மாணவரின் படிவத்தில், ‘பிறந்த தேதி’ என்ற பெயர் மேலே உள்ள பெட்டிக்கும் கீழே உள்ள பெட்டிக்கும் சரியாக நடுவில் நின்றது. எந்தப் பெட்டிக்கு எந்தப் பெயர் என்று நான் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயருக்கும் அதன் பெட்டிக்கும் இடையே நான்கு பிக்சல் குறைத்து, அடுத்த பெயருக்கு முன்னால் எட்டு பிக்சல் கூட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த மாணவருக்குக் கருவி அத்துப்படி. இடைவெளியை மாற்றும் இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எதற்காக மாற்ற வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்படவில்லை.

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல், கையில் ஒரு கோலைக் கொடுத்து இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறித் தட்டச் சொல்லிச் சோதித்தார். தகடு சிறிதானால், தூரம் கூடினால், கை போய்ச்சேர நேரமாகிறது. டக்ளஸ் எங்கல்பர்ட்டின் முதல் மவுஸ் வருவதற்குப் பத்தாண்டுக்கு முந்தைய சோதனை இது. இன்று செல்பேசித் திரையில் கட்டைவிரலுக்கும் அதே கணக்குதான். 2023 அக்டோபரில் வெளியான மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் வலைப்பக்கத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, தொடும் இலக்கு ஒவ்வொன்றும் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் அதற்கேற்ற இடமாவது விட வேண்டும் என்கிறது. தகடு போய் மவுஸ் வந்தது, மவுஸ் போய் விரல் வந்தது. விதி அப்படியே நிற்கிறது.

வேலை கொடுப்பவர்கள் கருவி கேட்கிறார்கள் என்பது உண்மைதான். நானும் விளம்பரத்தில் கருவிகளின் பெயரைத்தான் போடுகிறேன், வேறு எதை எழுதுவது? ஆனால் நேர்காணலில் ஒரு பக்கத்தைக் காட்டி, “இதில் என்ன சரியில்லை?” என்று மட்டும்தான் கேட்பேன். கருவி மட்டும் தெரிந்தவர், “கலரை மாத்தலாம் சார்” என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. கருவி தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு இரண்டு வாரம் போதும். ஏன் என்பதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அதற்காகத்தான் உங்களிடம் படித்தவர்களைத் தேடி வருகிறோம்.

இனி இரண்டாவது காரணம். வேலையில் சேர்ந்த பிறகு அனுபவத்தில் வந்துவிடும் என்கிறீர்கள். என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய எழுத்து, மெல்லிய கோடு போட்ட பட்டன். பார்க்க அவ்வளவு அழகு. என் மேசையில் இருந்த பெரிய திரையில் அது பனி படர்ந்த மாதிரி இருந்தது. கூட வேலை செய்தவர்கள் பாராட்டினார்கள், வாடிக்கையாளரும் பாராட்டினார். பக்கம் வெளிவந்து பதினான்கு மாதம் ஒரு புகார்கூட வரவில்லை.

பதினைந்தாவது மாதம் என் அம்மா தன் பரிசோதனைக்கு அதே பக்கத்தில் நேரம் வாங்க உட்கார்ந்தார். பகல் வெளிச்சம், ஜன்னலோரம், கையில் செல்பேசி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. தேதியைத் தேர்ந்தெடுத்தார். பெயரைப் போட்டார். அப்புறம் நின்றுவிட்டார். பக்கத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், ஃபோனைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். ஒருமுறை பட்டனின் மேலேயே அவர் விரல் போய்விட்டுத் திரும்பியது. “அனுப்புறதுக்கு ஒண்ணுமே இல்லையேப்பா” என்றார். இருக்கிறதும்மா என்று தொட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “அது இன்னும் வேலை செய்யாத பட்டன்னு நினைச்சேன், மங்கலா இருக்கே” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: “எனக்குத்தான் கண்ணு சரியில்ல.”

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைமேல் நான் போட்டிருந்த சாம்பல் நிறத்தின் எண் #999999. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2.85:1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 ஆவது வேண்டும் என்று அதே வழிகாட்டுதல்களின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. #767676 என்று கொஞ்சம் கறுப்பாக்கியிருந்தாலே 4.54 கிடைத்திருக்கும். அன்று ராத்திரியே மாற்றினேன்.

இதில் உங்களிடம் நான் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றியல்ல. அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி. அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என் அம்மாவைப் போல நின்றிருப்பார்கள்? அவர்களில் யாரும் எனக்கு எழுதவில்லை. எழுதமாட்டார்கள். தையற்காரர் தைத்த சட்டை இறுக்கமாக இருந்தால், போட்டவர் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். தச்சர் செய்த நாற்காலி ஆடினால், உட்கார்ந்தவர் கூப்பிட்டுக் காட்டுவார். எங்கள் தொழிலில் அது கிடையாது. பக்கம் புரியாதவர் தன்னைத்தானே நொந்துகொண்டு மூடிவிட்டுப் போய்விடுவார். வருகைக் கணக்கில் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று எண் வரும். ஏன் போனார்கள் என்று வராது. தவறு செய்தவனிடம் தவறு திரும்பி வராத தொழிலில் அனுபவம் எதைக் கற்றுக்கொடுக்கும்? இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு, ஒரே தவறை இருபது வருடம் செய்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அம்மா அன்று என் பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால் நானும் அவர்களில் ஒருவன்.

இன்னும் ஒன்று. அம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பிரச்சினை புரிந்ததற்குக் காரணமே, பல வருடத்துக்கு முன்னால் வகுப்பில் ‘காண்ட்ராஸ்ட்’ என்ற சொல்லை, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் பெயரை, கேட்டிருந்ததுதான். கேட்டேன், தேர்வில் எழுதினேன், பிறகு காற்றில் விட்டேன். அது என் குற்றம். ஆனால் சொல் உள்ளே கிடந்தது. அது இல்லையென்றால் நானும், “ஆமாம்மா, கண்ணாடியை மாத்தணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். அனுபவம் எல்லோருக்கும்தான் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் இன்னது என்று அடையாளம் காண ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்களைக் கொடுப்பதுதான் நீங்கள் நீக்குகிற தாளின் வேலை.

போன பருவத்துத் தேர்வில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். மாணவி ஒருவர் நூலக உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு பக்கம் செய்திருந்தார். நல்ல உழைப்பு. கோப்புகளை எடுத்துவருகிற ஊழியர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். அவரை உட்காரவைத்து, “இதில் நீங்களே ஒரு உறுப்பினராகச் சேருங்கள்” என்றேன். பெயர், முகவரி எல்லாம் பொறுமையாக ஒற்றை விரலில் தட்டினார். தொலைபேசி எண்ணை நாம் எல்லோரும் எழுதுவதுபோல ஐந்து இலக்கம், ஓர் இடைவெளி, ஐந்து இலக்கம் என்று போட்டார். அனுப்பினார். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்தது. மேலே ‘தவறான உள்ளீடு’ என்று வந்தது. அதுவரை அவர் அடித்த அத்தனையும் அழிந்து படிவம் வெறுமையானது. அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நான் ஏதாவது கெடுத்துட்டேனா சார்?” என்றார்.

மாணவி பின்னாலிருந்து, “நடுவுல கேப் விடாம போடணும்ண்ணா” என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பெட்டிக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தாராம். முதல் எழுத்தைத் தட்டியதும் அந்தக் குறிப்பு மறைந்துவிடும் என்பது அந்த நிமிடம்வரை அவருக்கு ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. தோன்றாது. தான் கட்டிய பக்கத்தை இன்னொருவர் பயன்படுத்துவதை அவர் பார்த்ததே அன்றுதான் முதல்முறை. இடைவெளியை நிரலே நீக்கிக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தார். குறிப்பைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தார். அடித்தது அழியாமல் நிற்கவைத்தார். ‘தவறான உள்ளீடு’ என்ற இடத்தில் ‘தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று வந்தது. மொத்தமே முக்கால் மணி நேரம். பிறகு என்னிடம் வந்து, “இதை யாருமே சொல்லலையே சார்” என்றார். தவறு நேராமல் தடு, நேர்ந்தால் என்னவென்று மனித மொழியில் சொல்லி மீட்டுக்கொடு என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1994லேயே தன் பத்து விதிகளில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் இன்றைய பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. அடுத்த பருவத்தில் இருக்காது.

அம்மா, அந்த ஊழியர், இரண்டு பேரும் சொன்னது ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். தவறு எங்களுடையது, பழி அவர்களுடையது.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். டெம்ப்ளேட்டும் செயற்கை நுண்ணறிவும் எங்கள் அலுவலகத்திலும் நாள் முழுக்க ஓடுகின்றன, எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. ஆனால் டெம்ப்ளேட் என்பது மாதிரி வீடு. அதில் யாரும் குடியிருப்பதில்லை. தலைப்பு என்றால் இரண்டே சொல், படம் என்றால் பளிச்சென்று ஒரே அளவு, பட்டனில் ஆறெழுத்து ஆங்கிலச் சொல். அதே பட்டனில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று போட்டுப் பாருங்கள், பாதி வெளியே தொங்கும். ‘அனுப்பு’ என்று சுருக்கலாமே என்று தோன்றுவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால், மேல் வரியின் ‘மூ’, ‘ழு’ ஆகியவற்றின் கொக்கி கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும். இதைக் கருவி சொல்லாது, அதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கண் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எதைப் பார்த்துக் கற்றது? இருக்கிற வலையைப் பார்த்து. அந்த வலை எப்படி இருக்கிறது? வலைப்பக்கங்களின் அணுகல் வசதியை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில், எந்திரமே கண்டுபிடிக்கக்கூடிய அணுகல் குறைபாடு இருந்தது. 81 சதவீதத்தில் மங்கலான எழுத்து. என் அம்மாவுக்கு நான் காட்டிய அதே சாம்பல். இப்படிப்பட்ட வலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எப்படி எழுதும்? கேட்டால் ஐந்து நொடியில் நாலு பக்கம் தரும். நாலில் எது தேறும், எது தேறாது, தேறுவதிலும் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். முன்பு ஒரு பக்கம் செய்ய ஒரு வாரம் ஆனது, அதனால் தவறும் மெதுவாகத்தான் பெருகியது. இப்போது அந்தத் தடையும் இல்லை.

தானியங்கிச் சோதனைக் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லதுதான். எங்கள் குழுவில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் வேலை செய்கிறார். உங்கள் படிப்பில் எனக்கு மூன்று ஆண்டு பிந்தியவர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைக் கொண்டு எங்கள் பக்கங்களையெல்லாம் சோதிப்பவர் அவர்தான். ஒருமுறை ஒரு பக்கம் தானியங்கிச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது. எல்லாப் படத்துக்கும் மாற்று உரை, அதாவது பார்க்க முடியாதவருக்குப் படத்தைச் சொல்லும் வரி, இருந்தது. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதில் இருந்த உரை ‘படம் ஒன்று’, ‘படம் இரண்டு’, ‘படம் மூன்று’. உரை இருக்கிறதா என்றுதான் எந்திரம் பார்த்தது. அதில் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சுற்றறிக்கையில் இல்லாத ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் எங்கே போகும், விரல் எங்கே போகும் என்று தெரிந்தவனுக்கு அதை வைத்து ஏமாற்றவும் தெரியும். ‘சம்மதம்’ பட்டனைப் பெரிதாகப் பச்சையாக வைத்துவிட்டு, ‘வேண்டாம்’ என்பதை மூலையில் சாம்பல் எழுத்தில் ஒளிப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் இதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். உங்கள் மாணவர் வேலைக்குப் போன மூன்றாவது மாதம் ஒரு மேலாளர் வந்து, “அந்த வேண்டாம் பட்டனைக் கொஞ்சம் மங்கலாக்கு” என்பார். கருவி மட்டும் தெரிந்த பிள்ளை அரை நிமிடத்தில் செய்துகொடுத்துவிடும். தான் செய்தது இன்னது என்றுகூட அதற்குத் தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் இப்போது நடக்கிற விதம் சகிக்கவில்லை. ‘வெற்றிடம் என்றால் என்ன? அதன் பயன்கள் ஐந்தினை எழுதுக’ என்று ஒரு வினாத்தாளைப் பார்த்தேன். அதில் முழு மதிப்பெண் வாங்கியவரின் திட்டப்பணியில் மூச்சுவிட இடம் இல்லை. முகப்பில் ஒரு புகைப்படம் மட்டுமே ஆறு மெகாபைட். பக்கம் திறக்க ஒரு வினாடிக்கு மேல் காத்திருந்தால் மனசு அலையத் தொடங்கும், பத்து வினாடியானால் ஆள் போய்விடுவார் என்பதை அவரும் தேர்வில் எழுதித்தான் இருப்பார். மாணவர்கள் இந்தத் தாளை அறுவை என்கிறார்கள் என்றால் அவர்கள்மேல் தப்பில்லை. அதை வைத்துத் தாளையே எடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. பன்னிரண்டு பொத்தானை வைத்து நடத்திய வகுப்பை இத்தனை வருடம் கழித்து நான் ஒப்பிக்கிறேன். அறுவை பாடத்தில் இல்லை.

சரி, நான் கேட்பது இவைதான்.

நீக்கும் முடிவை வரும் பருவத்துக்கு நிறுத்திவையுங்கள். 60 மணி நேரம் அதிகம் என்றால் 40 ஆக்குவது பற்றிப் பேசலாம். சுழியம் ஆக்குவது பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அந்தத் தாளின் எழுத்துத் தேர்வை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதில், ஒவ்வொரு மாணவரும் தான் செய்த பக்கத்தை முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் கொடுத்து, பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கே நின்றார்கள், எங்கே விரல் போய்த் திரும்பியது, என்ன முணுமுணுத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஐந்து பேரே போதும், பெரிய ஓட்டைகளில் பெரும்பாலானவை அதிலேயே தெரிந்துவிடும் என்று நீல்சன் சொன்னதை என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன். மதிப்பெண் பக்கத்துக்கு வேண்டாம், கவனித்ததற்குக் கொடுங்கள். அதன் பிறகு திருத்தியதற்கும் கொடுங்கள்.

இறுதித் திட்டப்பணியை மதிப்பிடுவதற்கு முன் ஒரு வாசற்படி வையுங்கள். மவுஸை எடுத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கம் முழுக்கப் போய்வர வேண்டும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக்கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 இருக்க வேண்டும். படிவத்தில் தவறு நேர்ந்தால் அடித்தது அழியக்கூடாது. மாதிரி உரை வேண்டாம், உண்மையான உரை, அதுவும் ஒரு பக்கமாவது தமிழில். இதைத் தாண்டாத பணிக்கு அலங்காரம் எவ்வளவு இருந்தாலும் மதிப்பெண் கிடையாது என்று விதியாகவே எழுதுங்கள். கையோடு சோதித்தால் ஒரு பணிக்குப் பத்து நிமிடம் ஆகும். தேர்வாளர்களுக்கு நேரமில்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

கருவி வகுப்புகள் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவையும் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பின் பயிற்சி, அது தந்த பக்கத்தில் குறை கண்டுபிடிப்பதாக இருக்கட்டும்.

மாணவர் சேர்க்கை தொடங்குவதற்கு முன் உங்கள் கூட்டத்தில் பழைய மாணவர்கள் சிலரை அழைத்துப் பேசுங்கள். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள்.

அந்தப் பதிலை எழுத்தாகவே அனுப்புங்கள். போன சுற்றறிக்கையை அச்சிட்டு, கையெழுத்திட்டு, அதைப் படமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தீர்கள். என் நண்பருக்கும் அது போயிருந்தது. அவருடைய திரைவாசிப்பான் அதில் படிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. உங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர், உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் வாசித்துக் காட்டினேன். அடுத்ததை அவரே படித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
2006ஆம் ஆண்டு மாணவன், வெளித்தேர்வாளன்